யார் பறித்த காளான்

தெக்லே கட்டிலருகே மண்டியிட்டு, செத்துப்போன அப்பாவின் சட்டைக் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒனுதே அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ராத்திரி என்ன சாப்பிட்டார்?"

ஒனுதே ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ். ஜன்னல் கட்டையில் படிவத்தை வைத்து நின்றபடியே எழுதினாள். வெளியே ஆம்புலன்ஸ் டிரைவர் ஆப்பிள் மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவசரமில்லை. வந்த வேலை அவன் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது.

"அணில்காளான்," என்றாள் மருமகள் ரமின்டா. "உருளைக்கிழங்கோட."

பேனா நின்றது.

"யார் பறிச்சது?"

கேட்டவிதத்தில் குற்றம் எதுவுமில்லை. படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்திருக்கும். ஆனால் ரமின்டாவின் வாய் அவளை முந்திக்கொண்டது.

"நான்தான்."

நாலு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். கடைக்காரனிடம், தபால் நிலையத்தில், வேலியோரத்தில், சொந்தப் புருஷனிடம் சொன்ன பொய். இந்த அறையில், இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அது வேறு ஒன்றாக மாறிவிடும் என்று யோசிக்க அவளுக்கு அரை நொடிகூடக் கிடைக்கவில்லை.

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல. எனக்குக் காளான் பிடிக்காது."

"ஆல்வீடஸ்?"

"துறைமுகத்துக்கு லோடு எடுத்துக்கிட்டுப் போயிருக்கார். நேத்து வரல. இப்ப வந்துக்கிட்டிருக்கார்."

"அப்போ இவர் மட்டும்தான் சாப்பிட்டிருக்கார்," என்று ஒனுதே எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்தாள். "இருதயமாத்தான் இருக்கும். ஏப்ரல்ல ஒண்ணு வந்துச்சில்ல. ஆனா காளான்னு எழுதிட்டா இப்படியே அடக்கம் பண்ண விடமாட்டாங்க. மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். சமைச்சது மிச்சமிருக்கா?"

"இருக்கு."

"ஒரு ஜாடியில கொஞ்சம் போட்டுக் குடு. மீதியக் கொட்டிடாதே."

தெக்லே பித்தானைப் போட்டு முடித்து எழுந்தாள். தம்பி ஆல்வீடஸைவிட ஒன்பது வயது மூத்தவள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அம்மா போனதிலிருந்து இந்த வீட்டுக்கும் சேர்த்து அவள்தான் அதிகாரி.

"அறுப்பாங்களா?" என்று கேட்டாள்.

ஒனுதே படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"எழுபத்து நாலு வருஷம் காளான் தின்ன மனுஷன்," என்றாள் தெக்லே. ரமின்டாவைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "அவர் கொண்டுவந்த காளானால இந்த ஊர்ல ஒரு பூனைக்குக்கூட வயிறு வலிச்சதில்ல."

ரமின்டா சமையலறைக்குப் போய் ஜாடியில் காளானை அள்ளினாள். கரண்டி ஜாடியின் விளிம்பில் இடித்து இடித்துச் சத்தமிட்டது. புளித்த பாலேடு குளிரில் இறுகி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து மஞ்சள் மஞ்சளாகக் காளான்கள் எட்டிப் பார்த்தன. ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தாள். நேற்றுவரை எல்லாமே ஒரே மாதிரிதான் தெரிந்தன. இப்போது ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்கிற வியாபாரிகள் அதைச் சாந்தரெல் என்பார்கள். ஊரில் அதற்கு அணில்காளான் என்றுதான் பேர். அணில் நிறத்தில் பாசிக்குள் ஒளிந்து, புனல்போல விரிந்து, முகர்ந்தால் பாதாமிப்பழ வாசம் அடிக்கும். ஜூலை வந்துவிட்டால் ஷிலாகிரிஸ் கிராமத்தில் பாதிப் பேர் விடியும் முன்னே காட்டில் இருப்பார்கள். யார் எங்கே பறிக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் உண்மை வராது.

ரமின்டாவுக்கு இந்த வழக்கம்தான் கைகொடுத்தது. அவள் கடலோரத்துப் பெண். கிளைப்பெடாவில் பிறந்து, மீன் நாற்றத்தில் வளர்ந்து, ஆல்வீடஸைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு முன்பு இங்கே வந்து, தபால் நிலையத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள். பக்கத்து வீட்டு மார்செலே வேலிக்கு மேல் தலையை நீட்டி, "எந்தப் பக்கம் பறிச்சே?" என்று கேட்பாள். "அந்தப் பக்கம்தான்" என்று ரமின்டா கையைப் பொதுவாக ஆட்டுவாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது. மார்செலே கண்ணைச் சுருக்கிச் சிரிப்பாள். "கள்ளி. மூணே வருஷத்துல எங்காளுங்க மாதிரி ஆயிட்டே."

பறித்தவர் அவள் மாமனார் அனுப்ரஸ் கிழவர்தான்.

ஏப்ரலில் நெஞ்சுவலி வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபோது டாக்டர் சொன்னது: பாரம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது, காட்டுப்பக்கமே போகக் கூடாது. ஆல்வீடஸ் அவரிடம் சத்தியம் வாங்கினான். தெக்லே சத்தியத்தை நம்பவில்லை. அவருடைய கூடையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டுப் பரணில் வைத்தாள்.

ஜூன் கடைசியில் வரும் யோவான் திருநாளுக்கு மறுநாள் காலையில் ரமின்டா தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பின்கதவு வழியாக மாமனார் உள்ளே வந்துகொண்டிருந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் காலி பெயின்ட் வாளி. காலி என்று நினைத்தாள். வாளியின் அடியில் ஒரு பிடி மஞ்சள்.

"நீ ஏன் இந்நேரத்துல முழிச்சிருக்கே?" என்று அவர்தான் அதட்டினார்.

"மாமா, நீங்க காட்டுக்கா போனீங்க?"

"ஓரத்துலதான். தெக்லேகிட்ட சொல்லிடாதே."

"இதப் பார்த்துட்டு ஆல்வீடஸ் கேட்டா?"

"நீ பறிச்சதா சொல்லு."

"நானா? எனக்கு மரமே அடையாளம் தெரியாது."

"காளான் மரத்துல காய்க்காது. அது தெரியுமில்ல? போதும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் தப்பு என்று பிறகு பலமுறை நினைத்தாள். அன்றைக்கு அவள் முகத்தைக் கடுமையாக வைத்திருந்தால் அந்த ஒரு பிடியோடு அது நின்றிருக்கும். அதற்குப் பிறகு தினமும். ஆல்வீடஸ் நாலரைக்கு வேலைக்குக் கிளம்பினால் ஐந்து மணிக்குப் பின்கதவு கிறீச்சிடும். ஏழரைக்கு மறுபடி கிறீச்சிடும். அவள் ஒன்பது மணிக்குத் தபால் நிலையத்துக்குப் போகும் முன் காளானைத் தாளில் பரப்பிவைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆல்வீடஸ் வீட்டில் இருப்பான். அன்றைக்கெல்லாம் கிழவர் கூண்டுக்கோழி மாதிரி முற்றத்தில் சுற்றி வருவார்.

சமையல் மட்டும் அவளுடையது. முதல் தடவை மீனைக் கழுவுவதுபோலக் காளானைத் தொட்டியில் போட்டு அலசி, கொதிக்கவைத்து, வழவழவென்று ஏதோ செய்துவைத்தாள். அவர் முழுவதும் சாப்பிட்டுவிட்டு, "இது காளானா, காளானோட கண்ணீரா?" என்றார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் தூரிகையால் மண்ணைத் தட்டினாள். தண்ணீர் காட்டவே இல்லை. சூடான வாணலியில் கொழுப்பு எதுவும் இல்லாமல் அப்படியே போட்டாள். காளான் தானாகவே தண்ணீர் விட்டது. விட்ட தண்ணீரிலேயே வெந்தது. சளசளவென்றிருந்த சத்தம் மெல்லப் படபடவென்று மாறியது. மீன் வறுத்து வளர்ந்தவளுக்குச் சத்தம் புரியும். அந்த மாற்றத்தில் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் போட்டாள். உப்பைக் கடைசிக்கு வைத்தாள். அடுப்பை அணைத்த பிறகு பாலேடு, ஒரு பிடி சதகுப்பைக் கீரை. கிழவர் ரொட்டியால் வாணலியைத் துடைத்துச் சாப்பிட்டார். ஆல்வீடஸ் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "அப்பா, இவ பறிச்சது உங்களுதைவிட நல்லா இருக்கு" என்றான். கிழவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆம்புலன்ஸ் போன பிறகு வீடு காலியாகவில்லை. ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். மார்செலே கேக்கோடு வந்தாள். சாவுவீட்டு வழக்கப்படி நிலைக்கண்ணாடி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்த தெக்லேயிடம், ரமின்டாவுக்குக் கேட்காது என்று நினைத்து, "டவுன் பொண்ணு, பாவம். ஆரஞ்சு நிறத்துல பொய்க்காளான் ஒண்ணு வருமே, அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் அவளுக்கென்ன தெரியும்?" என்றாள். "அது கொல்லாதுடி," என்று இன்னொருத்தி சொன்னாள். "கொல்லாது. ஆனா இருதயம் பலவீனமா இருந்தா?"

ரமின்டா கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தோட்டத்துக்குப் போய் வெங்காயம் பிடுங்கினாள். எதற்கென்று தெரியாமல் அதைப் படியிலேயே வைத்துவிட்டு வந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பேச்சு நின்றுவிடும். அவர் பறித்த காளான் என்றால் ஊரில் ஒருவரும் காளானைச் சந்தேகப்பட மாட்டார்கள். அடுத்த கேள்வி வரும். அவரைக் காட்டுக்கு யார் விட்டது?

நேற்றுக் காலை அவர் எட்டரைக்குத்தான் வந்தார். கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூசியதுபோல இருந்தது. அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"தெக்லேயக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு. அப்புறம் நான் அவ வீட்டுக் கோழியோட உட்கார்ந்து முட்டைதான் போடணும்."

"மாமா, விளையாடாதீங்க. ஒனுதேகிட்டயாவது போகலாம்."

"வெயில்," என்றார். "வேற ஒண்ணுமில்ல." தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "சொல்லிட்டீன்னா நாளைக்கு எனக்குக் காடு கிடையாது, ரமின்டா."

அவள் தபால் நிலையத்துக்குப் போனாள். சாயங்காலம் வந்தபோது அவர் நன்றாகத்தான் இருந்தார். இரண்டு தட்டு சாப்பிட்டார். இன்று காலை ஐந்து மணிக்கு அவளுக்கு விழிப்புத் தட்டியது. பின்கதவுச் சத்தம் வரவில்லை. அப்பாடா, இன்றைக்காவது தூங்குகிறார் என்று நினைத்து, திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆல்வீடஸ் இரண்டு மணிக்கு வந்தான். லாரியை வெளியே தெருவிலேயே நிறுத்திவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் வந்தான். காலிக் கட்டிலைப் பார்த்தான். யாரும் அவனிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வழியில் கடையிலேயே சொல்லிவிட்டிருந்தார்கள்.

"நீதான் பார்த்தியா?" என்று கேட்டான்.

"ஏழு மணிக்கு. டீ கொண்டுபோனேன்."

"கஷ்டப்பட்டாரா?"

"தூங்கற மாதிரிதான் இருந்தார்."

அவ்வளவுதான். அதற்குமேல் அவன் அவளிடம் பேசவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. அது கோபமா, துக்கமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பெரிய அறையிலிருந்த அலமாரியை நகர்த்தினான். பலகைகளை எடுத்துவந்து பெஞ்சு அடித்தான். அடித்த ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்தான். ஆறு மணிவரை அந்தச் சத்தம்தான்.

ஆறு மணிக்குச் சமையலறைக்கு வந்தான். தெக்லே மேசையருகே உட்கார்ந்து அடக்கத்துக்குப் பாட வரும் பாட்டுக்காரப் பெண்களில் யார் யாருக்குச் சொல்வது என்று பேர் எழுதிக்கொண்டிருந்தாள். ஆல்வீடஸ் நிலவறைப் பலகையைத் தூக்கி, கையை விட்டு, வாணலியை வெளியே எடுத்தான். மூடியைத் திறந்தான். ஒரு முள்கரண்டியை எடுத்து, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தான்.

"டேய்," என்றாள் தெக்லே.

அவன் மென்றுகொண்டிருந்தான்.

"டேய், உனக்குப் பைத்தியமா? அதை வை. ரிசல்ட் வரட்டும்."

"பசிக்குது."

"ரொட்டி இருக்கு. கேக் இருக்கு. ஒரு வீட்டுல ஒரு சவப்பெட்டி போதாதா?"

"அக்கா," என்றான் அவன். குரலை உயர்த்தவில்லை. "இது என் பொண்டாட்டி பறிச்சு, என் பொண்டாட்டி சமைச்சது. ஊர்ல பேசறதைக் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். எனக்குப் பசிக்குது."

ஒரு துண்டுகூட விடவில்லை. இறுகிய பாலேட்டையும் வழித்தான். வாணலியைத் தொட்டியில் வைத்துவிட்டு, ரமின்டாவைக் கடந்துபோகும்போது அவள் தோளில் ஒரு நொடி கையை வைத்தான். பிறகு விறகு பிளக்கப் போய்விட்டான்.

ரமின்டாவுக்கு அந்தக் கை பட்ட இடம் எரிந்தது. இனிமேல் எப்படிச் சொல்வது? அவன் சாப்பிட்டு முடித்தது காளானை அல்ல, அவள் வார்த்தையை.

தெக்லே வெகுநேரம் வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முன்னறைக்குப் போனாள். அங்கே செய்தித்தாளில் நேற்றைய காளானில் சமைக்காதது பரப்பியிருந்தது. தாளோடு தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். தம்பிக்கு வயிற்றில் என்ன போயிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பார்த்ததை இடதுபக்கம் வைத்தாள். இடதுபக்கக் குவியல் வளர்ந்தது. வலதுபக்கம் ஒன்றுகூட வரவில்லை.

பாதியில் அவள் வேகம் குறைந்தது. ஒரு காளானைத் தலைகீழாகப் பிடித்துத் தண்டைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்து அதையும் பார்த்தாள். எல்லாமே தரைக்கு ஒரு விரல் மேலே, சாய்வாக, ஒரே இழுப்பில் வெட்டப்பட்டிருந்தன. ஒரு ஊசியிலைகூட ஒட்டியிருக்கவில்லை. பாசி இல்லை. காட்டிலேயே சுத்தம் செய்து வாளியில் போட்டிருக்கிறது ஒரு கை. சுண்டுவிரலைவிடச் சின்னதாக ஒன்றுகூட இல்லை. குட்டிகளை வளரவிட்டிருக்கிறது.

தெக்லே கண்ணாடியைக் கழற்றினாள்.

"கையை நீட்டு," என்றாள்.

"எதுக்குக்கா?"

"நீட்டு."

ரமின்டா நீட்டினாள். தெக்லே அவள் மணிக்கட்டைப் பிடித்து, சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றினாள். வெள்ளையான, வழவழப்பான கை.

"நாலு வாரமா தினமும் காட்டுக்குப் போறவ. ஒரு கொசுக்கடி இல்ல."

முற்றத்தில் கோடரி விழுந்தது. மறுபடி விழுந்தது.

"காலையில அப்பாவுக்குக் கழுத்துப் பித்தான் போட்டேன்," என்றாள் தெக்லே. "கழுத்து பூராவும் கொசுக்கடி. தோட்டத்துல கடிச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

ரமின்டா கையை இழுத்துக்கொள்ளவில்லை. தெக்லேயும் விடவில்லை.

"கத்தி என் பரண்ல இருக்கே."

"சமையலறைக் கத்தி. சின்னது."

"கூடை?"

"பெயின்ட் வாளி."

தெக்லேயின் முகம் சுருங்கியது. சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து பாதியில் திரும்பிப் போனது. "பெயின்ட் வாளி," என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு கையை விட்டாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தா கதவப் பூட்டியிருப்பேன்."

"தெரியும்க்கா. அதனாலதான் சொல்ல வேணாம்னார்."

"உன்ன அடிக்கணும்போல இருக்கு."

"அடிங்க."

தெக்லே அடிக்கவில்லை. காளான்களை மறுபடி தாளில் பரப்பினாள். வெகு கவனமாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல். "அவன்கிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன். அடக்கத்துக்கு முன்னாடி சொல்லிடு. அப்பாவ மண்ணுக்குள்ள வச்சிட்டு அப்புறம் கேள்விப்பட்டா அவனால தாங்க முடியாது."

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆல்வீடஸ் தூங்கினான். ரமின்டா அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். பயம் காளானைப் பற்றியது இல்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒனுதே சைக்கிளில் வந்தாள். முற்றத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னாள். "இருதயம். பழைய காயத்துக்குப் பக்கத்துலயே ரெண்டாவது. ஜாடியில ஒண்ணுமில்ல, சுத்தமான அணில்காளான். நாலு மணிக்குக் கொண்டுவராங்க."

"நான் நேத்தே சொன்னேன்," என்றாள் மார்செலே. "அவ கை நல்ல கைன்னு சொன்னேனா இல்லையா?" எழுந்து வந்து ரமின்டாவைக் கட்டிக்கொண்டாள். அவள் மேல் கேக் வாசனை அடித்தது. "பாவம், விடியுமுன்ன எழுந்து மாமனாருக்காகக் காட்டுக்குப் போனவ. எங்க வீட்டு மருமக எழுந்திருப்பாளா? கடைசிச் சாப்பாடு உன் கையால கிடைச்சிருக்கு. புண்ணியவதி."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். தெக்லே மட்டும் உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரமின்டாவுக்கு நேற்றைய பழி தேவலாம் என்றிருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டாலே போதும், எல்லாம் முடிந்துவிடும். யாரும் இனி எதையும் கேட்கமாட்டார்கள். அதுதான் அவளை நிற்கவிடாமல் துரத்தியது. கிணற்றுக்குப் போனாள். வாளியைப் பாதி இறக்கிவிட்டு அப்படியே நின்றாள்.

ஆல்வீடஸ் பின்னாலேயே வந்தான். கையில் ரம்பம். முகம் சவரம் செய்திருந்தான். தாடையில் ஒரு வெட்டு.

"பெட்டிக்குக் கீழ போட ஊசியிலைக் கிளை வேணும்," என்றான். "ரோட்டோரத்துல வெட்டிக்கலாம்னு அக்கா சொல்றா. எனக்கு மனசு ஒப்பல. நீ காளான் பறிக்கற இடம் எது? யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அவரோட இடம் எங்க இருக்குன்னு அவர் என்கிட்டகூடச் சொன்னதில்ல. உன் இடத்துலேருந்தாவது நாலு கிளை வெட்டிட்டு வரேன்."

"எனக்குத் தெரியாது," என்றாள் ரமின்டா.

"வழி சொல்லத் தெரியலன்னா கூட வா. அரைமணி நேரந்தானே."

"இடமே தெரியாது. நான் ஒருநாளும் பறிக்கல, ஆல்வீடஸ். ஒரு காளான்கூட. எல்லாம் அவர் பறிச்சது."

கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. வாளி கீழே போய்த் தண்ணீரில் மோதியது. அவன் கிணற்றுக்குள் பார்த்தான், சத்தம் வந்த இடத்தை.

"எத்தனை நாளா?"

"யோவான் திருநாளுக்கு மறுநாள்லேருந்து."

"தினமுமா?"

"நீ வீட்டுல இருக்கற நாள் தவிர."

"அக்காவுக்கு?"

"நேத்து சாயங்காலம்தான். அவங்களாவே கண்டுபிடிச்சுட்டாங்க."

"வியாழக்கிழமை?"

சொன்னாள். எட்டரைக்கு வந்தது, இதே கட்டையில் உட்கார்ந்தது, முகத்தின் நிறம், தண்ணீர் டம்ளர், கோழி, முட்டை எல்லாம். எதையும் குறைக்கவில்லை. தனக்குச் சாதகமாக எதையும் சேர்க்கவுமில்லை. அங்கே அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையையும் சொன்னாள். "நான் ஒனுதேயக் கூப்பிட்டிருக்கணும்" என்று முடித்தாள்.

ஆல்வீடஸ் ரம்பத்தின் பல்லை விரலால் நெருடிக்கொண்டிருந்தான். பின்பக்கப் படலைத் தாண்டி, உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு நடுவே நடந்து, காட்டை நோக்கிப் போனான். ஓரிடத்தில் நின்றான். திரும்புவான் என்று அவள் நினைத்தாள். சட்டைப்பையில் எதையோ தேடிவிட்டு மறுபடி நடந்தான்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. அரைமணி நேரத்துக் காரியம். பெண்கள் முட்டைக்கோஸ் நறுக்கினார்கள். பெரிய அறையில் மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துடைத்து வைத்தார்கள். பாட்டுக்காரப் பெண்கள் கறுப்பு முக்காட்டோடு வந்து சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். "ஆல்வீடஸ் எங்கே?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். "கிளை வெட்டப் போயிருக்கார்" என்று ஒவ்வொருவருக்கும் ரமின்டா சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனாள். ஜன்னலிலிருந்து படலுக்கு. படலிலிருந்து மறுபடி அடுப்புக்கு.

இரண்டரைக்குத் தெக்லே அவள் பக்கத்தில் வந்து நின்று, பாத்திரம் துடைப்பதுபோல ஒரு துணியை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. போயிட்டார்."

தெக்லே ஒரு தட்டைத் துடைத்தாள். "அம்மா செத்தப்ப அப்பாவும் இப்படித்தான். ரெண்டு நாள் காணோம். அடக்கத்தன்னிக்குக் காலையில வந்து சேர்ந்தார்." ரமின்டாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவன் வந்துடுவான். இவனுக்குப் பசி தாங்காது," என்றாள்.

மூன்றரைக்கு மேல் அவன் வந்தான். போன வழியில் வரவில்லை. தெருப்பக்கமாக, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தான். தோளில் கட்டாக ஊசியிலைக் கிளைகள். மேல்சட்டையைக் கழற்றி மூட்டையாகக் கட்டிக் கையில் பிடித்திருந்தான். கன்னத்திலும் மார்பிலும் முள் கீறிய கோடுகள். கிளைகளை வாசற்படியில் இறக்கினான். பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு பெரிய அறைக்குப் போனார்கள். பிசின் வாசனை வீடெங்கும் பரவியது.

சட்டை மூட்டையை அவன் சமையலறைக்குக் கொண்டுவந்தான். ரமின்டா அடுப்பருகே நின்றிருந்தாள். மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தான். காளான்கள் உருண்டன. பாதி நசுங்கி, வேரோடு பிடுங்கி, மண்ணும் பாசியுமாக. சுண்டுவிரல் அளவுக் குட்டிகளும் இருந்தன.

"மூணு இடம் பார்த்தேன்," என்றான். "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, பழைய தீத்தடுப்புப் பாதைகிட்ட ஒண்ணு, மேட்டுமேல ஒண்ணு. மூணுலயும் வெட்டின தண்டு இருந்துச்சு. மூணுமே அவரோடதா, எதுவுமே அவரோடது இல்லையான்னு தெரியல."

"மேடு ஏறியிருக்க மாட்டார்," என்றாள் ரமின்டா.

"ஏறியிருப்பார்."

அவன் தொட்டியில் முகம் கழுவப் போனான். ரமின்டா ஒரு கணம் நின்றாள். பிறகு தூரிகையை எடுத்தாள். மண்ணைத் தட்டினாள், வேரை நறுக்கினாள், பெரியதை இரண்டாகக் கிழித்தாள். வெளியே இவ்வளவு பேருக்கு இது போதாது. யாருக்கு என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வாணலி சூடானது. காளானைப் போட்டாள். சளசளவென்று தண்ணீர் விட ஆரம்பித்தது. வெங்காயத்தை எடுத்துப் பாதி நறுக்கியிருப்பாள், தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. பெண்கள் எழுந்திருக்கும் சலசலப்பு. யாரோ மெழுகுவர்த்தி ஏற்றத் தீக்குச்சி உரசினார்கள். பாட்டு மெல்ல, பல குரலில், சுருதி சேராமல் எழுந்தது.

தூக்குபவர்கள் வாசலில் தயங்குவது தெரிந்தது. முன்னறை குறுகல். பெட்டி உள்ளே வந்து சமையலறை வழியாகத் திரும்பித்தான் பெரிய அறைக்குள் போக முடியும். "மேசை இடிக்கும்," என்று ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்.

ஆல்வீடஸ் ஈரமுகத்தோடு வந்தான். மேசையின் ஒரு முனையைப் பிடித்தான்.

"அந்தப் பக்கம் பிடி," என்றான்.

ரமின்டா கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தாள். கனமான ஓக் மேசை. அவன் பின்னோக்கி நடந்தான், அவள் முன்னோக்கி. "தூக்கு. கொஞ்சம் சாய். படி இருக்கு, பார்த்து." பின்கதவில் ஒருமுறை இடித்து, பக்கவாட்டில் திருப்பி, நறுக்கிய வெங்காயமும் கத்தியும் சரியாமல், மூன்று படி இறங்கி, ஆப்பிள் மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார்கள். மேசையின் கால் ஒன்று புல்லில் அழுந்தவில்லை. அவன் குனிந்து ஒரு கல்லைத் தேடி அடியில் செருகினான். அசைத்துப் பார்த்தான். நின்றது.

உள்ளே, அடுப்பில், காளான் இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.